கட்டடம் முந்தியது, ரயில் பிந்தியது: ராஜீவ் காந்தி சாலையும் நகரப் போக்குவரத்துத் திட்டமிடலும்

புதிதாக எழும் ஒவ்வொரு கட்டடமும் பயணங்களை உண்டாக்குகிறது. அலுவலகம் என்றால் காலையில் உள்ளே வருவோர், மாலையில் வெளியேறுவோர். குடியிருப்பு என்றால் அதற்கு நேர்மாறு. கடைவளாகம் என்றால் நாள் முழுவதும் ஓயாத வரவு. இந்தப் பயணங்களை முன்கூட்டியே கணக்கிட்டு, அவற்றைத் தாங்கும் சாலையையும் பேருந்தையும் ரயிலையும் நடைபாதையையும் எவ்வளவு, எப்போது, யார் செலவில் அமைப்பது என்று முடிவு செய்வதே வளர்ச்சிக்கான போக்குவரத்துத் திட்டமிடல். ‘எவ்வளவு’ என்ற கேள்விக்கு விடை காணும் முறைகள் எழுபது ஆண்டுகளாக இருக்கின்றன. நகரங்கள் தடுமாறுவது பெரும்பாலும் மற்ற இரண்டில்தான். பழைய மகாபலிபுரம் சாலை, ஓ.எம்.ஆர்., ராஜீவ் காந்தி சாலை என்று மூன்று பெயர்களால் அழைக்கப்படும் சென்னையின் தென் வழித்தடம் இதற்கு நல்ல சான்று.

ஒரு சாலை, ஒரே சாலை

தரமணியில் டைடல் பார்க் என்ற தகவல் தொழில்நுட்ப வளாகம் 2000 ஜூலையில் திறக்கப்பட்டது. அதற்குமுன் அங்கிருந்து தெற்கே செல்லும் சாலை வயல்களுக்கும் சிற்றூர்களுக்கும் நடுவே போன குறுகிய தார்ச்சாலை. அடுத்த சில ஆண்டுகளில் கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர் என்று வரிசையாக மென்பொருள் நிறுவனங்கள் வந்தன. தெற்குக் கோடியில் சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்தது. அரசு இதைத் திட்டமிட்டே செய்தது: நிலம் தந்தது, கட்டடங்களுக்கு விதிகளில் சலுகை தந்தது, சாலையையும் அகலப்படுத்தியது. தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தின் துணை நிறுவனமான ஐ.டி. எக்ஸ்பிரஸ்வே மூலம் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கி.மீ. தூரத்துக்கு அமைந்த ஆறுவழிச் சாலை 2008 அக்டோபரில் திறக்கப்பட்டது. சுங்கக் கட்டணம் வசூலித்துச் செலவை மீட்பது ஏற்பாடு.

நிலவியல் இந்த வழித்தடத்தை நெருக்கிப் பிடித்திருக்கிறது. கிழக்கே பக்கிங்காம் கால்வாய், மேற்கே பள்ளிக்கரணை சதுப்புநிலம். இரண்டுக்கும் நடுவே வடக்குத் தெற்காக ஓடும் ஒற்றைத் தண்டாகவே சாலை அமைந்தது. குறுக்கே வெட்டிச் செல்லும் இணைப்புகள் மிகக் குறைவு: பல்லாவரம் – துரைப்பாக்கம் 200 அடிச் சாலை, சோழிங்கநல்லூரிலிருந்து மேற்கே மேடவாக்கத்துக்கும் கிழக்கே அக்கரைக்கும் போகும் சாலைகள், இன்னும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில. பின்னல்போல் தெருக்கள் இருக்கும் பகுதியில் ஒரு சந்திப்பு அடைபட்டால் வண்டிகள் வேறு வழி தேடிக்கொள்ளும். இங்கே அதற்கு வழியில்லை. பக்கத்துத் தெருவிலிருக்கும் கடைக்குப் போக வேண்டியவரும் இருபது கி.மீ. கடக்க வேண்டியவரும் ஒரே தார்ப்பரப்பில்தான் இறங்கியாக வேண்டும். ஆறுவழிச் சாலை நெரிந்ததற்கு வண்டிகளின் எண்ணிக்கை ஒரு காரணம் என்றால், இந்த அமைப்பு அதற்குச் சற்றும் குறையாத காரணம். இணைத் தெருக்களையும் குறுக்குச் சாலைகளையும் கட்டடங்கள் வருவதற்குமுன் கோடிட்டு ஒதுக்கியிருக்கலாம். அடுக்குமாடிகள் எழுந்தபின் அதே நிலத்தைக் கையகப்படுத்துவது ஏறத்தாழ முடியாத காரியம்.

மக்கள்தொகையும் வேலைவாய்ப்போடு சேர்ந்தே பெருகியது. 2008 தொகுதி மறுவரையறையில் உருவான சோழிங்கநல்லூர், 2021 சட்டமன்றத் தேர்தலில் ஆறரை லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்களோடு தமிழகத்தின் மிகப் பெரிய தொகுதியாக நின்றது.

பத்து லட்சம் சதுர அடியின் கணக்கு

பயண மதிப்பீட்டின் அடிப்படை முறை 1950களில் டெட்ராய்ட், சிகாகோ நகரங்களின் ஆய்வுகளில் உருப்பெற்றது. எத்தனை பயணங்கள் பிறக்கும், அவை எங்கிருந்து எங்கே போகும், எந்த வாகனத்தில் போகும், எந்தச் சாலையில் போகும் என்ற நான்கு படிகள் அதில் உண்டு. இன்றைய கணினி மாதிரிகள் எவ்வளவு நுட்பமானாலும் இந்த நான்கு கேள்விகளைத்தான் கேட்கின்றன. நான்கில் மூன்றாவதுதான் முடிவையே மாற்றக்கூடியது. ஒரு கற்பனைக் கட்டடத்தை வைத்து அதைப் பார்க்கலாம்.

பத்து லட்சம் சதுர அடி அலுவலக வளாகம் ஒன்று. ஓர் ஊழியருக்கு நூறு சதுர அடி என்று வைத்தால் 10,000 பேர். அவர்களில் பாதிப்பேர் காலையின் ஒரே மணிநேரத்துக்குள் வந்து சேர்கிறார்கள் என்று கொண்டால் 5,000 பயணங்கள். சாலையின் தாங்குதிறனைப் பொறியாளர்கள் பி.சி.யு. என்ற அலகால் அளக்கிறார்கள். ஒரு கார் ஒரு பி.சி.யு. இந்தியச் சாலைகள் பேராயம் 1990இல் வெளியிட்ட நகரச் சாலை வழிகாட்டியின்படி, நடுவே தடுப்புள்ள ஆறுவழிப் பெருஞ்சாலை ஒன்று மணிக்கு 5,400 பி.சி.யு. வரை ஒழுங்காகக் கடத்தும். ஒரு திசைக்கு 2,700.

ஐயாயிரம் பேரும் காரில், ஒரு காருக்குச் சராசரி ஒன்றரைப் பேராக வந்தால் 3,300க்கு மேற்பட்ட கார்கள். ஒரே ஒரு வளாகம் ஒரு திசையின் முழுத் திறனையும் விழுங்கி, மிச்சமும் கேட்கிறது. எல்லோரும் ஆளுக்கொரு இருசக்கர வாகனத்தில் வந்தால் நிலைமை தேவலை என்று தோன்றும். ஆனால் அவை சாலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போது ஒவ்வொன்றையும் 0.75 பி.சி.யு. என்று எண்ணச் சொல்கிறது அதே வழிகாட்டி. கணக்கு 3,750 ஆகிறது, காரைவிட மோசம். பேருந்து என்றால், ஒன்றுக்கு ஐம்பது பேர் வீதம் நூறு நடை. ஒரு பேருந்துக்கு வழிகாட்டி தரும் உச்ச மதிப்பான 3.7ஐ எடுத்தாலும் 370 பி.சி.யு.தான். ஒரு திசைத் திறனில் ஏழில் ஒரு பங்கு. ஆயிரம் பேரை ஏற்றும் மெட்ரோ என்றால் ஐந்து ரயில்கள், சாலையில் சுமையே இல்லை.

ராஜீவ் காந்தி சாலையில் இப்படி ஒரு வளாகம் அல்ல, பல உண்டு. ஆறுவழியை எட்டுவழி ஆக்கினாலும் காரை நம்பி அத்தனை பேரைக் கொண்டுசேர்க்க முடியாது என்பது கட்டடங்களின் வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும் சாதாரணப் பெருக்கல். நிறுவனங்கள் இதைத் தங்கள் அளவில் உணர்ந்துதான் ஊழியர்களுக்கெனத் தனிப் பேருந்துகளை ஓட்டின. மாநகரப் பேருந்துகளும் ஷேர் ஆட்டோக்களும் மிச்சத்தைச் சுமந்தன. பிராட்வேயிலிருந்து கேளம்பாக்கம் செல்லும் 102, கோயம்பேட்டிலிருந்து வரும் 570 போன்ற தடங்கள் நெரிசலுக்கு நடுவே அதே வழியில் ஊர்ந்தன. பேருந்துக்கென்று தனித்தடம் ஒதுக்கும் யோசனை பலமுறை பேசப்பட்டும் சாலையில் இறங்கவில்லை. சாலை புதிதாகப் போடப்பட்ட நாளில் ஒரு தடத்தைப் பேருந்துக்கு ஒதுக்குவது எளிது. கார்கள் அதை நிரப்பியபின் பிடுங்குவது அரசியல்.

சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீரும் என்ற நம்பிக்கையைப் பொருளியலாளர்களும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்க நகரங்களின் நெடுஞ்சாலைகளை ஆராய்ந்து கில்ஸ் டுராண்டன், மேத்யூ டர்னர் இருவரும் 2011இல் வெளியிட்ட கட்டுரை, சாலைத் தடங்களின் நீளம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ ஏறத்தாழ அதே விகிதத்தில் வண்டிகள் ஓடும் தூரமும் கூடுகிறது என்று கண்டது. அகலமான சாலை புதிய பயணங்களை அழைக்கிறது. தொலைவில் வீடு வாங்கத் துணிவு தருகிறது. அந்தக் கட்டுரையின் இன்னொரு முடிவு அவ்வளவாக மேற்கோள் காட்டப்படுவதில்லை: பொதுப் போக்குவரத்தைக் கூட்டியதாலும் வண்டி ஓட்டம் குறையவில்லை. ஒருவர் ரயிலுக்கு மாறினால் காலியாகும் இடத்தை இன்னொரு கார் பிடித்துக்கொள்கிறது. எனவே மெட்ரோ வந்தால் சாலை காலியாகும் என்று வாக்களிப்பது தவறு. சாலை நெரிந்தே கிடந்தாலும் அதைப் பற்றிக் கவலைப்படாமல் பல்லாயிரம் பேர் வேலைக்குப் போய்வர மெட்ரோ உதவுகிறது. அதன் நியாயம் அதுதான், அதுவே போதும்.

இருபது ஆண்டு இடைவெளி

ரயில் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்காமல் இல்லை. கடற்கரையிலிருந்து வரும் பறக்கும் ரயில் 2004இல் திருவான்மியூரைத் தொட்டது. அந்த நிலையம் டைடல் பார்க்குக்கு அருகிலேயே இருக்கிறது. ஆனால் அங்கிருந்து பாதை மேற்கே திரும்பி, 2007இல் வேளச்சேரியில் முடிந்தது. பெருங்குடி என்ற பெயர் தாங்கிய நிலையம்கூடப் பெருங்குடியின் அலுவலகக் கட்டடங்களிலிருந்து விலகி நிற்கிறது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையிலான ஐந்து கி.மீ. நீட்டிப்பு 2008இல் தொடங்கி, ஆதம்பாக்கம் பகுதியில் நிலம் எடுப்பதில் எழுந்த வழக்குகளால் ஒன்றரைப் பத்தாண்டுக்கும் மேல் இழுத்தது. பாதையின் பெரும்பகுதியில் தூண்கள் எழுந்தும், கடைசி அரை கி.மீ. இல்லாததால் மொத்தமும் பயனற்றுக் கிடந்தது.

சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்துக்கு 2009 தொடக்கத்தில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. ஆறுவழிச் சாலை திறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அந்த முதல் கட்டத்தின் இரண்டு வழித்தடங்களும் விமான நிலையத்தையும் பரங்கிமலையையும் நோக்கிப் போயின. வேலைவாய்ப்பு பெருகிக்கொண்டிருந்த தென்கிழக்கு விடுபட்டது. இரண்டாம் கட்டத்தில்தான் இந்தச் சாலை வழியே செல்லும் மாதவரம் – சிப்காட் வழித்தடம் இடம்பெற்றது. அந்தக் கட்டத்தில் மொத்தம் மூன்று வழித்தடங்கள், ஏறத்தாழ 119 கி.மீ., மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அடிக்கல் 2020 நவம்பரில் நாட்டப்பட்டது. மத்திய அமைச்சரவையின் ஒப்புதல் 2024 அக்டோபரில் வந்தது. டைடல் பார்க் திறந்ததற்கும் மெட்ரோவுக்கு அடிக்கல் நாட்டியதற்கும் நடுவே இருபது ஆண்டுகள்.

இந்தத் தாமதத்தின் விலை பணத்தில் மட்டும் இல்லை. காலியாக இருந்த சாலையோரத்தில் தூண் நடுவது ஒன்று. நாள் முழுவதும் வண்டி ஓடும் ஆறுவழியின் நடுவே நடுவது வேறு. பணி நடக்கும் ஆண்டுகளில் தடங்கள் சுருங்கின, திருப்பங்கள் மாறின, வெள்ளநீர் வடியும் ஒக்கியம் மடுவு போன்ற இடங்களில் தனிக்கவனம் தேவைப்பட்டது. மெட்ரோ பணிகளை முன்னிட்டு நான்கு சுங்கச் சாவடிகளில் 2021 ஆகஸ்ட் இறுதியோடு வசூல் நிறுத்தப்பட்டது. நாவலூர் சாவடியில் 2023 அக்டோபரில் நின்றது. மக்கள் மகிழ்ந்தார்கள், அதில் வியப்பில்லை. எனினும் நெரிசல் மிக்க சாலையில் கட்டணம் என்பது வருவாய் மட்டும் அல்ல, அவசியமற்ற பயணத்தைத் தள்ளிவைக்கச் செய்யும் கருவியும்கூட. அந்தப் பார்வையில் அது இங்கே ஒருபோதும் பயன்படுத்தப்படவில்லை.

அனுமதி யாருடையது, செலவு யாருடையது

கட்டட அனுமதி ஒவ்வொன்றாக வருகிறது. ஒவ்வொரு விண்ணப்பமும் தன் நுழைவாயில், வாகன நிறுத்தம், முன்சாலையின் அகலம் ஆகியவற்றோடு சரிபார்க்கப்படுகிறது. எந்தக் கட்டடமும் தனியாகச் சாலையை அடைப்பதில்லை. எல்லாம் சேர்ந்துதான் அடைக்கின்றன. இந்தக் கூட்டுச் சுமையைக் கணக்கிட வேண்டிய இடத்தில் அக்காலத்தில் எந்த ஒற்றை அமைப்பும் இல்லை. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை அப்போது 1,189 சதுர கி.மீ.; சாலையின் தென்பகுதியான நாவலூரும் சிறுசேரியும் அதற்கு வெளியே நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் பொறுப்பில் இருந்தன. பெருங்குடி, சோழிங்கநல்லூர் பகுதிகள் 2011 வரை மாநகராட்சிக்குள்ளேயே வரவில்லை. சாலை ஒரு நிறுவனத்திடம், பேருந்து இன்னொன்றிடம், ரயில் மத்திய அரசிடம். ஒருங்கிணைக்க வேண்டிய கும்டா, அதாவது சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம், 2010இல் சட்டம் பெற்றது. அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில்.

தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் இருக்கும் ஒரு விதி கவனிக்கத்தக்கது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், கட்டணம் செலுத்தினால் கூடுதல் தளப்பரப்பு கட்ட அனுமதிக்கின்றன. எவ்வளவு கூடுதல் என்பதைச் சாலையின் அகலம் தீர்மானிக்கிறது: 18 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 50 விழுக்காடு, குறுகிய சாலைக்குக் குறைவு. தீயணைப்பு வண்டி நுழைவதற்கு அகலம் முக்கியம்தான். ஆனால் அந்தச் சாலையில் பேருந்து எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வருகிறது, ரயில் நிலையம் எவ்வளவு தொலைவு என்று இந்த அளவுகோல் கேட்பதில்லை. அகலமான சாலை இருக்கும் இடத்தில் அடர்த்தி கூடுகிறது. அடர்த்தி கூடியபின் அந்த அகலம் போதவில்லை.

செலவைப் பொறுத்தவரை, நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் உள்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம் 2008 முதல் வசூலிக்கப்படுகிறது. பெரிய கட்டடங்கள் தளப்பரப்புக்கு ஏற்பச் செலுத்துகின்றன. கொள்கை சரியானது. ஆனால் தொகை மாநில அளவிலான நிதியில் சேர்ந்து, ஒரு குழுவின் முடிவுப்படி செலவாகிறது. காரப்பாக்கத்துக் கட்டடம் செலுத்திய பணம் காரப்பாக்கத்து நடைபாதைக்கே வரவேண்டும் என்ற பிணைப்பு இல்லை.

அமெரிக்காவில் இந்தப் பிணைப்பை நீதிமன்றமே கட்டாயமாக்கியிருக்கிறது. கட்டுபவரிடம் கேட்பது அவர் உண்டாக்கும் சுமைக்கு ஏறத்தாழ ஈடாக இருக்க வேண்டும் என்று 1994இல் ஆரகன் மாநிலத்து டிகார்ட் நகர வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. காலத்தையும் சட்டம் கட்டுகிறது. வாஷிங்டன் மாநிலத்தின் 1990ஆம் ஆண்டு வளர்ச்சி மேலாண்மைச் சட்டப்படி, புதிய கட்டடத்துக்குத் தேவையான போக்குவரத்து வசதி அது எழும்போதே இருக்க வேண்டும். இல்லையேல் ஆறு ஆண்டுகளுக்குள் முடிக்க நிதி உறுதி இருக்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால் அனுமதி இல்லை. ராஜீவ் காந்தி சாலையின் இருபது ஆண்டை இந்த ஆறோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அதற்காக இவ்வகைச் சட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. புளோரிடா 1985இல் இதேபோன்ற சட்டத்தை இயற்றியது. நெரிசலான நகர மையங்களில் அனுமதி கிடைப்பது கடினமாயிற்று. கட்டுமானம் சாலை காலியாக இருந்த வெளிப்புறங்களுக்கு ஓடியது. குறைக்க நினைத்த பயணத் தூரம் கூடியது. 2011இல் போக்குவரத்து நிபந்தனையை உள்ளூர் அமைப்புகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள். தவறு அளவுகோலில் இருந்தது: வண்டிகள் சந்திப்பில் எவ்வளவு நேரம் காத்திருக்கின்றன என்று மட்டும் பார்த்தால், காலியான வெளிப்புறம் எப்போதும் நல்ல இடமாகவே தெரியும். கலிபோர்னியா 2013இல் சட்டம் இயற்றி, 2020 ஜூலை முதல் மாநிலம் முழுவதும் அளவுகோலையே மாற்றியது. சுற்றுச்சூழல் ஆய்வில் இப்போது கேட்கப்படுவது, இந்தக் கட்டடத்தால் வண்டிகள் மொத்தம் எவ்வளவு கூடுதல் தூரம் ஓடும் என்பது. ரயில் நிலையத்தருகே அடுக்குமாடி இந்தக் கணக்கில் வெல்கிறது; ஊருக்கு வெளியே வயல் நடுவே எழும் மனைப்பிரிவு தோற்கிறது.

ரயில் வருவதால் நிலத்தின் விலை ஏறுகிறது. அந்த ஏற்றத்தில் ஒரு பங்கை ரயிலுக்கே திருப்புவதில் ஹாங்காங் தேர்ந்தது. அங்கு ரயில் வருவதற்கு முந்தைய விலையில் நிலைய நிலத்தின் கட்டும் உரிமை எம்.டி.ஆர். நிறுவனத்துக்குக் கிடைக்கிறது, கட்டுநர்களோடு சேர்ந்து எழுப்பிய வீடுகளின் லாபம் பாதை அமைக்கும் செலவை ஈடுகட்டுகிறது. லண்டன் கிராஸ்ரெயில் ரயில்பாதைக்காக 2012 ஏப்ரல் முதல் புதிய கட்டடங்களிடம் சதுர மீட்டர் கணக்கில் வரி வசூலித்தது. சோழிங்கநல்லூர்ச் சாலையோர நிலத்தின் விலை ஏற்றம் பெரும்பாலும் தனியார் கணக்கில் சேர்ந்த பிறகுதான் அங்கே ரயில் தூண்கள் எழுந்தன. பாதைக்கான பணத்தில் பெரும்பங்கு ஜப்பானிய அரசின் கடன் முகமை, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றின் கடனாக வருகிறது.

கணக்கில் வராத பயணிகள்

போக்குவரத்து ஆய்வுகள் ‘புதிய வளர்ச்சி’ என்றதும் கண்ணாடிக் கட்டடங்களையே எண்ணுகின்றன. இதே வழித்தடத்தில் அரசே உருவாக்கிய பெரிய வளர்ச்சி ஒன்று உண்டு: கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் மறுகுடியமர்வுகள். கூவம், அடையாறு ஓரங்களிலிருந்தும் நகரின் மற்றக் குடிசைப் பகுதிகளிலிருந்தும் பல்லாயிரம் குடும்பங்கள் 2000 முதல் இங்கே கொண்டுவரப்பட்டன. அவர்களில் பலருடைய வேலை மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் சேத்துப்பட்டிலும் இருந்தது. வீட்டுவேலை செய்யும் பெண் காலை ஆறு மணிக்குள் ஒரு வீட்டிலும் எட்டு மணிக்கு இன்னொரு வீட்டிலும் இருந்தாக வேண்டும். இருபது கி.மீ. தள்ளிக் குடியமர்த்தியதும் இரண்டில் ஒன்றைக் கைவிட நேர்ந்தது. பேருந்துக் கட்டணம் மிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றது. ஒரு வீட்டுத்திட்டத்தின் போக்குவரத்துத் தாக்கத்தை இதைவிட நேரடியாக அளக்க வேறு அளவுகோல் தேவையில்லை. நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021இல் வந்த கட்டணமில்லாப் பயணம் அந்தச் செலவைக் குறைத்தது, நேரத்தைக் குறைக்கவில்லை.

அடுத்த திசைகள்

இதே கேள்வி இப்போது வேறு திசைகளில் எழுகிறது. வண்டலூரை அடுத்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. போக்குவரத்துக்கென்றே கட்டப்பட்ட அந்த வளாகம் திறந்த நாளில், பக்கத்தில் ஓடும் புறநகர் ரயில் பாதையில் அதற்கென்று நிலையம் இல்லை. மெட்ரோவும் விமான நிலையத்தோடு நின்றிருந்தது. தென்மாவட்டங்களிலிருந்து பின்னிரவில் வந்து இறங்கியவர்கள் மாநகரப் பேருந்தையோ ஆட்டோவையோ தேடினார்கள்.

பெருநகரப் பரப்பு 2022இல் 5,904 சதுர கி.மீ. ஆக விரிந்தது. 2026 முதல் 2046 வரையிலான மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிறது. மீஞ்சூர், திருமழிசை, செங்கல்பட்டு, மாமல்லபுரம் போன்ற இடங்களுக்குப் புதுநகர் வளர்ச்சித் திட்டங்கள் வரையப்படுகின்றன. நாவலூரும் சிறுசேரியும் இப்போது அதே எல்லைக்குள் இருக்கின்றன; அனுமதி தருவோரும் பயணத்தைத் திட்டமிடுவோரும் ஒரே வரைபடத்தை வைத்து வேலை செய்யச் சட்டத்தில் தடை இல்லை.

மேற்கில் நிலைமை கலவையானது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998 முதல் இயங்குகிறது. திருப்பெரும்புதூர்ப் பகுதியில் மின்னணு ஆலைகள் பெருகிவிட்டன. பூந்தமல்லியில் முடியும் மெட்ரோ வழித்தடத்தைத் திருப்பெரும்புதூர் வழியாகப் பரந்தூர் வரை நீட்டும் திட்டம் ஆலைகளுக்குப் பல ஆண்டு பின்னால் வருகிறது. இடைப்பட்ட காலத்தில் அங்கே வேறொரு வழி முயலப்பட்டிருக்கிறது. வல்லம் வடகால் சிப்காட் பூங்காவுக்குள்ளேயே 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு வளாகம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வீட்டுவசதித் திட்டமாகவே அது பேசப்படுகிறது. ஆனால் தொலைவிலுள்ள வாடகை அறைகளிலிருந்து ஷிப்டுக்கு ஷிப்டு பேருந்தில் அழைத்துவர வேண்டிய அத்தனை பேரின் பயணத்தையும் சில கி.மீ. ஆகச் சுருக்குவதால், அந்த வட்டாரத்தின் போக்குவரத்துத் திட்டங்களில் அதையும் ஒன்றாக எண்ணலாம்.